அசல் மொழி

சவூதியின் தம்மாமிலிருந்து திரும்பி வந்த தாளை ஹமீது பீவி மேசைமேல் விரித்தாள். அனுராதா பார்த்தாள். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. பதினான்கு வரி. மூலையில் யாரோ சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

தாளை அப்படியே திருப்பித் தள்ளினாள்.

“எனக்கு அரபி தெரியாதுக்கா. மேலப்பாளையத்துல ஆள் இருக்காங்க. அட்ரஸ் தாரேன்.”

“இது அரபி இல்ல தங்கச்சி. தமிழு.”

“எது?”

“இதுதான்.”

கூட வந்திருந்த தங்கை அக்தர் பானு அக்காவைப் பார்த்து முக்காட்டுக்குள் சிரித்தாள். “அங்கனயும் இதே கூத்துதான் நடந்துச்சு லாத்தா.”

வண்ணார்பேட்டையில் மாடியில் ஓர் அறை. ஒரு தட்டச்சுப் பொறி, இரண்டு அகராதி. அனுராதாவின் தொழில் அவ்வளவுதான். பத்திரம், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் எது வந்தாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கீழே கையெழுத்துப் போடுவாள். கீழ்த்தளத்தில் இருந்த நோட்டரி வக்கீல் நெல்லையப்பன் முத்திரை குத்துவார். ஆங்கிலம் அவளுக்குச் சோறு போட்டது. அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை, பீற்றிக்கொண்டதும் இல்லை.

ஹமீது பீவி நடந்ததைச் சொன்னாள்.

காயல்பட்டினத்தில் அவளுக்கு நிக்காஹ் நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. நடந்த மூன்றாம் மாதம் மாப்பிள்ளை செய்யிது அஹமது சவூதிக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்த நாளைக் கூட்டினால் முப்பத்திரண்டு மாதம். விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். இப்போதுதான் கம்பெனி அவருக்குக் குடும்ப வீடு ஒதுக்கியிருக்கிறது. மனைவியை அழைத்துக்கொள்ள நிக்காஹ் பதிவின் நகல் வேண்டும் என்றார்கள்.

பதிவேட்டை எழுதியவர் பள்ளிவாசலின் பழைய கத்தீபு. அவர் அரபுத் தமிழில்தான் எழுதுவார். சொல் தமிழ், எழுத்து அரபி. அந்த ஊரில் அது ஒரு விந்தை இல்லை. மளிகைச் சீட்டும் அப்படித்தான் எழுதினார்கள்.

நகல் எடுத்ததும் ஊரே கூடி ஒரு முடிவுக்கு வந்தது. பள்ளிவாசல் நிர்வாகிகளிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் ஒரே பேச்சு. போகிறது அரபு நாட்டுக்கு, எழுத்தும் அரபு எழுத்து, நடுவில் இங்கிலீஷுக்கு என்ன வேலை? அப்படியே அனுப்பு என்றார்கள். அனுப்பினாள்.

“அங்கன ஆபீஸ்ல இருக்கிற சவூதிக்காரன் வாங்கி வாசிச்சானாம்” என்றாள் அக்தர் பானு. “ஒரு எழுத்து விடாம வாசிச்சிருக்கான். ஒண்ணும் வெளங்கல. பார்ஸியான்னு ஒருத்தன் கேட்டானாம், உருதுவான்னு இன்னொருத்தன். பாகிஸ்தான்காரன ஒருத்தனக் கூப்பிட்டுக் காட்டியிருக்காங்க. அவனும் கைய விரிச்சுட்டான். மச்சான் இது எங்க பாஷைன்னு சொன்னா, நக்கல் பண்ணுதியான்னு ஏசினானாம்.”

“இப்ப என்ன கேக்காங்க?”

“இங்கிலீஷ்ல வேணுமாம். நோட்டரி முத்திரையோட. அரபு எழுத்த அரபு நாட்டுக்கு அனுப்ப வெள்ளைக்காரன் பாஷை வேணும். இது எங்கனயாவது உண்டாக்கா?”

“முப்பதாம் தேதிக்குள்ள வேணும்” என்றாள் ஹமீது பீவி. “இல்லன்னா அந்த வீட்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. அதுக்குப் பொறவு எப்ப கிடைக்குமோ.”

அன்றைக்குத் தேதி இருபத்திரண்டு. கார்த்திகை மாதம். வெளியே விடாத தூறல்.

“வாசிங்க” என்றாள் அனுராதா.

ஹமீது பீவி வாசித்தாள். தடங்கல் இல்லாத வாசிப்பு. ஹிஜ்ரி ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு, ஷவ்வால் பிறை பதினொன்று, திங்கள் பின்னேரம். மாப்பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், தெரு. பெண் பெயர், தகப்பனார் பெயர், தெரு. சாட்சிகள் இரண்டு பேர். மஹர் ஐந்து பவுன் பொன். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில் இருந்துகொள்வார்.

“எங்க இருந்தாரு?” என்றாள் அக்தர் பானு.

“சும்மா இரு புள்ள.”

முதல் மூன்று வரி அனுராதாவுக்குப் பிடிபடவே இல்லை. கண் தாளில் இருந்தது. கண் பார்த்தது ஒன்று, காது கேட்டது வேறொன்று. நாலாவது வரியில் பார்வையைத் தாளிலிருந்து எடுத்துச் சன்னலுக்கு வெளியே வைத்தாள். அதன்பிறகு எல்லாம் எளிதாகப் போயிற்று. சுத்தமான தமிழ். தாலுகா கச்சேரித் தமிழைவிடச் சுத்தம்.

ஆனாலும் அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அக்தர் பானுவைக் கீழே செராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, ஹமீது பீவியை ஏழாவது வரியிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். பிறகு தமக்கையை வெளியே நிறுத்தி, திரும்பி வந்த தங்கையை வாசிக்கச் சொன்னாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. கத்தீபு ஒரு சொல்லை இருமுறை எழுதியிருந்த இடத்தில் இருவருமே இருமுறை வாசித்தார்கள்.

தாளைப் பொறியில் செருகினாள். விரல்கள் வேகமாக ஓடின. மஹர் என்ற இடம் வந்ததும் யோசிக்காமல் டவுரி என்று அடித்தாள். நாலைந்து கல்யாணப் பத்திரங்களில் அடித்துப் பழகிய சொல்.

“எல்லாத்தையும் தமிழ்ல ஒருக்காச் சொல்லுங்க தங்கச்சி” என்றாள் ஹமீது பீவி. அனுராதா சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் வரதட்சணை என்றாள்.

அக்கா தங்கை இருவருமே நிமிர்ந்தார்கள்.

“வரதட்சணையா? அது பொண்ணு வீட்டுக்காரங்க அழுது குடுக்கது. இது அவரு எனக்குக் குடுத்தது. குடுத்தாத்தான் நிக்காஹே செல்லும்.”

“மச்சான் ஜெயிலுக்குல்லா போயிருவாரு!” என்றாள் அக்தர் பானு.

அனுராதாவுக்கு முகம் சுட்டது. அகராதியைப் புரட்டினாள். மணப்பெண்ணின் விலை என்று ஒன்று இருந்தது. அது முந்தியதைவிட மோசம். மூடி வைத்தாள்.

“என்ன செய்ய? இங்கிலீஷ்ல இதுக்குச் சொல் இல்லக்கா.”

“இல்லன்னா மஹர்னே அடிங்க. இதுக்கு எதுக்கு இங்கிலீஷ்? அந்தச் சவூதிக்காரனுக்கு வேற எது தெரியாட்டாலும் இது தெரியும்.”

அதுதான் சரி. ஆங்கிலம் தமிழிலிருந்து கட்டுமரத்தை வாங்கிக்கொண்ட மொழி, மிளகுத்தண்ணியை வாங்கிக்கொண்ட மொழி. இதையும் வாங்கிக்கொள்ளட்டும். அனுராதா புதுத் தாள் செருகி முதலிலிருந்து அடித்தாள். மஹர், நிக்காஹ், கத்தீபு மூன்றையும் அப்படியே விட்டாள். அசல் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று அடித்தாள். யோசித்து, அரபு எழுத்தில் என்று சேர்த்தாள்.

நெல்லையப்பனுக்கு அறுபது வயது. எந்தத் தாளுக்கும் கண்ணாடியை இரண்டு தடவை துடைக்காமல் முத்திரை குத்த மாட்டார். மூவரும் கீழே கொண்டுபோன மொழிபெயர்ப்பைப் படித்தார். அசலின் நகலைப் பார்த்தார். கண்ணாடியை மூன்றாவது தடவை துடைத்தார்.

“ஏம்மா அனுராதா, இது தமிழா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நான் என்ன குருடனா?”

“வாசிச்சாத் தமிழு.”

“நான் எங்க வாசிக்க? அரபின்னு போட்டுட்டுப் போ. யாரு பாக்கப் போறா? ஒரு ஆலிம்சாகிட்ட கையெழுத்து வாங்கிக்கோ. வேலை முடிஞ்சுது.”

“பாக்கப் போறவங்க அரபிக்காரங்க அண்ணாச்சி. மொத வரியிலயே பொய்யின்னு தெரிஞ்சுரும். ஒருக்கா அப்படித்தான் திரும்பி வந்திருக்கு.”

“அப்ப தமிழ்னு போட்டா மட்டும் நம்புவானா? எழுத்து முழுக்க அலிஃப், பேன்னு அரபியால்லா இருக்கு.”

“நீங்க வக்கீலு. வக்கீலுங்கிறது அரபி. உங்க மேசையில இருக்கிற அசல் அரபி, நகல் அரபி, ஜாமீன் அரபி. அதையெல்லாம் தமிழ் எழுத்துல எழுதித் தமிழ்ங்கோம். இங்கன தமிழ்ச் சொல்ல அரபி எழுத்துல எழுதியிருக்கு. இது மட்டும் எப்படித் தமிழ் இல்லாமப் போச்சு? நீங்களே இங்கிலீஷ் எழுத்துலதான கையெழுத்துப் போடுதீங்க. அதனால நீங்க வெள்ளைக்காரரா?”

நெல்லையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு முத்திரையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“பட்டிமன்றத்துல பேசு, கைதட்டுதேன். போன வருஷம் இப்படித்தான் நம்பி ஒரு பத்திரத்துக்குக் குத்தினேன். பத்து மாசம் கோர்ட்டுக்கு நடந்தேன், வக்கீலா இல்ல, சாட்சியா. இதுல இன்னதுதான் எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் குத்துவேன்.”

“என்ன செஞ்சா உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டது ஹமீது பீவி.

நெல்லையப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். அக்தர் பானுவைப் பார்த்து, “நீ வாசல்ல போயி நில்லு தாயி. நல்லாத் தள்ளி” என்றார். அவள் தெருவுக்குப் போய் ஆட்டோக்காரர் ஒருவரின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“நான் சொல்லுததை எழுதுங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “கல்லிடைக்குறிச்சி பஸ் வீரவநல்லூர் விலக்குல பஞ்சராகி நிக்குது. மழை பெய்யுது. எல்லாரும் கீழ எறங்கிப் பைய தள்ளுங்க, லே.”

ஹமீது பீவி குனிந்து எழுதினாள். பஞ்சருக்கும் நிற்கவில்லை, மழைக்கும் நிற்கவில்லை. லேயில் மட்டும் தலையைத் தூக்கினாள்.

“அதையுமா?”

“அதையுந்தான்.”

அக்தர் பானு வந்தாள். தாளை வாங்கி வாசித்தாள். கல்லிடைக்குறிச்சியின் றகரம், வீரவநல்லூரின் ரகரம், மழை, கீழ, எல்லாம் சரியாக வந்தன. கடைசிச் சொல்லை நெல்லையப்பன் சொன்ன அதே அதட்டலோடு சொன்னாள். யாரை அதட்டுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இருக்கட்டும் தாயி” என்றார் நெல்லையப்பன். தாளை வாங்கி ஒருமுறை பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “அறுபது வருஷமா இந்த ஜில்லாவுலதான் இருக்கேன். திருச்செந்தூருக்குப் போகும்போதெல்லாம் உங்க ஊரு வழியாத்தான் போறேன்.” இழுப்பறையைத் திறந்தார்.

ஆனால் வெளியே எடுத்தது முத்திரையை அல்ல. அச்சடித்த ஒரு படிவத்தையும் மைப்பெட்டியையும்.

“மொழிபெயர்ப்போட நீங்களும் ஒரு சத்தியப் பத்திரம் குடுக்கணும். இந்தப் பதிவ வாசிச்சுச் சொன்னது நான்தான்னு. பெருவிரல இங்கன வைங்க.”

“விரல் எதுக்கு? எனக்கு எழுத வருமே.”

“பாஸ்போர்ட் இருக்கா?”

இருந்தது. அதில் கையெழுத்துக்குரிய கட்டத்தில் அவளுடைய பெருவிரல் ரேகை. பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்டு தமிழ் எழுதுவீங்களா என்று கேட்டான். இல்லை என்றாள். இங்கிலீஷ் எழுதுவீங்களா என்று கேட்டான். இல்லை என்றாள். விரலைப் பிடித்து மையில் அமுக்கினான். சர்க்கார் வழக்கம் அப்படியாக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

“பாஸ்போர்ட்ல ரேகை. நான் கையெழுத்து வாங்கி அனுப்பினா ஆள் வேறன்னு சந்தேகம் வரும். தூதரகத்துல நிறுத்திருவான். உங்களுக்கு இருக்கிறதே எட்டு நாள்.”

அனுராதா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். ரேகை வைக்கிறவர்களுக்கான படிவம். கடைசி வரி எப்போதும் உள்ள வரிதான். மேற்படியார் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் படித்துக் காட்டப்பட்டது. எத்தனையோ முறை மொழிபெயர்த்த வரி. இன்றைக்குத்தான் அதைப் படித்தாள்.

“அண்ணாச்சி, இந்த வரி போனா மொழிபெயர்ப்பு நிக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க இந்தப் பதிவ வாசிச்சாங்கன்னு எப்படிச் சொல்ல?”

நெல்லையப்பனுக்கும் அது தெரிந்திருந்தது.

“நான் போடுதேன் லாத்தா” என்றாள் அக்தர் பானு. “எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன். தமிழ்ல கையெழுத்துப் போடுவேன். வாசிச்சது நான்னு சொல்லிருவோம். நீ விரல வச்சிரு. சோலி முடிஞ்சுது.”

வழி இருந்தது. பிசகில்லாத வழி. அனுராதாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எட்டு நாள்தான் இருக்கிறது, இதில் வீம்பு எதற்கு என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஹமீது பீவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

ஹமீது பீவி அவசரப்படவில்லை. மைப்பெட்டியைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

“அவருக்குப் பத்தொம்பது வருஷமா மாசம் ரெண்டு கடுதாசி எழுதுதேன். வேற யார் கையையும் எதிர்பாத்ததில்ல. இது என் நிக்காஹு. வாசிச்சது நான். தெரியாதுன்னு எழுதி, அதுக்குக் கீழ நானே விரல வச்சு, அங்க போயி அவரு முகத்துல முழிக்கணுமா?” நெல்லையப்பன் பக்கம் திரும்பினாள். “ரெண்டையும் வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“எந்த ரெண்டு?”

“விரல வைக்கேன். அது பாஸ்போர்ட்டுக்கு. பக்கத்துல என் பேர எழுதுதேன். அது எனக்கு.”

நெல்லையப்பன் கூரையைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

“கூடாதுன்னு எங்கயும் எழுதல” என்றார் மெதுவாக.

“அப்ப வைக்கலாம்.”

“வைக்கலாம். ஆனா அந்தக் கடைசி வரி?”

“அதை எடுத்துருங்க.”

“எடுத்துட்டு என்ன போட?”

அனுராதா படிவத்தோடு மாடிக்கு ஏறினாள். இரண்டிரண்டு படியாக ஏறினாள். பொறியில் புதுத் தாள் செருகி, சத்தியப் பத்திரத்தை ஆங்கிலத்தில் முழுதாக அடித்தாள். கடைசி வரிக்கு வந்து நின்றாள். அவள் அறிந்தவரை அந்த வரி இதற்குமுன் எந்த நோட்டரி தாளிலும் இருந்ததில்லை. மாதிரி பார்த்து எழுத முடியாது. உறுதிமொழி தருபவர் தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதவும் படிக்கவும் வல்லவர். அடையாளத்துக்காகப் பெருவிரல் ரேகையும் வைத்துள்ளார். ஆங்கிலத்தில் இரண்டே வரி. நேராக, ஒரு சொல் மிச்சமில்லாமல் வந்தது. அந்த மொழி அவளுக்கு அன்றைக்குப் பிடித்திருந்தது.

கீழே ஹமீது பீவி விரலை வைத்தாள். சீலை நுனியில் மையைத் துடைத்தாள். பேனாவை வாங்கி, வலப்பக்கத்திலிருந்து தொடங்கித் தன் பெயரை எழுதினாள். நெல்லையப்பன் முத்திரை குத்தினார். அழுத்தி, இரண்டு இடத்தில்.

“திரும்பி வந்தா என்னைக் கொற சொல்லப்படாது” என்றார்.

“வராது” என்றாள் ஹமீது பீவி.

அன்று சாயங்காலமே தாள்கட்டு பம்பாயிலுள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குப் போயிற்று. அதன்பிறகு சேதி இல்லை. அனுராதா மற்ற வேலைகளைப் பார்த்தாள். நெல்லையப்பன் மட்டும் படியில் பார்க்கும்போதெல்லாம், “அந்தக் காயல்பட்டினம் என்னாச்சு?” என்று கேட்டார். தெரியல அண்ணாச்சி என்றாள். முப்பதாம் தேதி வந்தது, போயிற்று. மார்கழியும் போயிற்று.

தை கடைசியில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சவூதித் தபால்தலை. உறையின்மேல் முகவரி ஆங்கிலத்தில், ஆண் கையெழுத்தில் இருந்தது. பின்பக்கம் அனுப்புநர் ஹமீது பீவி. அவள் பெயருக்குக் கீழே கம்பெனியின் குடும்பக் குடியிருப்பு, வீட்டு எண், தம்மாம்.

அனுராதா உறையைக் கிழித்தாள். இரண்டு பக்கம், நெருக்கி எழுதியது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அரபு எழுத்து. திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எம்.ஏ. படித்தவளுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை.

சிரிப்பு வந்தது. கடிதத்தோடு கீழே இறங்கி, நெல்லையப்பனிடம் உறையின் பின்பக்கத்தை மட்டும் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைக்காமலே படித்தார். பிறகு அவள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் காயல்பட்டினத்துக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டு எண் அது. அக்தர் பானு ஓடிவந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

“ஒங்க லாத்தா கடுதாசி போட்டிருக்காங்க” என்றாள் அனுராதா. “தமிழ்லதான் எழுதியிருக்காங்க. நாளைக்கு மொத பஸ்ஸுல வந்து வாசிச்சுக் காட்டு.”